ரொமானோவின் குலப்பெருமை குறித்து மைத்துனனுக்கு

குரும்பலூர்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மைத்துனன் கொளஞ்சிக்கு, உன் அக்காள் கணவன் அமிர்தலிங்கம் ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நானும் உன் அக்காள் வெற்றிச்செல்வியும் எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டு ரொமானோவும் சௌக்கியம். மக்காச்சோளம் மட்டும் சௌக்கியமில்லை. எறையூரில் நீயும் உன் குடும்பத்தாரும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் நடுவில் சிரிப்பாய் என்பதால், உங்கள் ஊருக்கு வண்டியில் லோடு இறக்க வரும் வீரமணியிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

போன வாரம் காதுகுத்துப் பந்தியில், பத்துப் பேர் முன்னால், "ஏன் மாமா, காட்டுப்பன்னிக்குக் காவலு வைக்க யாராச்சும் சர்ட்டிபிகேட்டு பாத்து நாய் வாங்குவாங்களா? நம்ம கட்டையன வேணா கூட்டிட்டுப் போங்க" என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தப் பதில். கட்டையன்! அதன் அப்பன் யார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்து, எந்த இனத்தில் சேர்வது என்று இன்னும் முடிவுக்கு வராத பிராணி. முப்பத்தொரு வருஷம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து, எத்தனையோ பேருடைய சாதிச் சான்றிதழுக்கு விசாரணை செய்து கையெழுத்துப் போட்டவன் நான். என்னிடமே கட்டையனைச் சிபாரிசு செய்கிறாய். ரொமானோவுக்கு மூன்று தலைமுறை எழுத்தில் இருக்கிறது. அதன் பாட்டனார் கோயம்புத்தூரில் மெடல் வாங்கியவர். நிலத்துக்கு வில்லங்கம் பார்ப்பதுபோல வரி வரியாகப் பார்த்துத்தான் வாங்கினேன். நகல் எடுத்து மோட்டார் கொட்டகைக் கதவிலும் ஒட்டியிருக்கிறேன். "பன்னி வந்து படிக்குமா?" என்கிறாள் உன் அக்காள். ஒட்டியது பன்றிக்காக இல்லை, பக்கத்து வயல்காரர்களுக்காக.

ரொமானோ பயந்தாங்கொள்ளி என்று நீ ஊரெல்லாம் சொல்லித் திரிவது சுத்தப் பொய். நடந்ததை நானே சொல்கிறேன். ஜெர்மன் ஷெப்பர்டு ஆடு மேய்க்கும் இனம். மந்தையைச் சிதறாமல் ஓட்டுவது அதன் ரத்தத்தில் ஊறியது. மரபணு என்கிறார்கள், உனக்குப் புரியாது. புதன்கிழமை சாயங்காலம் ஓடைப் பக்கமிருந்து பதினோரு காட்டுப்பன்றிகள் ஏறி வந்தன. நம் வயலுக்கு வந்தவை நான்குதான். மற்ற ஏழும் அடுத்தவர் கரும்புக்குப் போக இருந்தன. ரொமானோ சுற்றி ஓடி, அந்த ஏழையும் வளைத்துத் திருப்பி, ஒன்றுகூட வழிதவறாமல் நம் மக்காச்சோளத்துக்குள் கொண்டுவந்து சேர்த்து, அவை தின்று முடிக்கும்வரை வரப்பில் உட்கார்ந்து காவல் காத்தது. ஒரு குட்டி வெளியே நழுவப் பார்த்தது. அதையும் அதட்டி உள்ளே அனுப்பியது. அரை ஏக்கர் போயிற்று, உண்மைதான். ஆனால் வேலையின் சுத்தத்தைப் பார். உன் கட்டையனாக இருந்தால் தலைகால் தெரியாமல் குரைத்துப் பதினோரு பன்றியையும் பதினோரு திசைக்கு அடித்து விரட்டியிருக்கும். ஒழுங்கு என்பது பிறப்பில் வர வேண்டும்.

மறுநாள் பெரம்பலூரில் கால்நடை டாக்டர் பிரவீணாவிடம் தடுப்பூசிக்குக் கூட்டிப் போய், நடந்ததைச் சொன்னேன். "ஜாதிய வச்சு முடியையும் மூக்கையும்தான் சார் சொல்லலாம். குணத்துல பத்துல ஒரு பங்குகூட அதால வராது. அந்தந்த நாயோட சுபாவம், வளக்குற விதம், அதுதான் சார்" என்கிறது அந்தப் பெண். படித்தவர் பேசும் பேச்சா இது? "அப்படின்னா நான் முப்பத்தொரு வருஷம் விசாரிச்சு எழுதுனதெல்லாம் எதுக்கும்மா?" என்று கேட்டேன். "ஊசி போட்டாச்சு, அடுத்தவங்களுக்கு வழி விடுங்க சார்" என்று சொல்லிவிட்டது.

உன் அக்காள் மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை, ரொமானோவோடு பேசுகிறாள். "மிச்சம் ஒன்றரை ஏக்கராவும் போச்சுன்னா இந்த வருசம் நம்ம கதி என்னடா?" என்று அதைக் கேட்கிறாள். அது வாலை ஆட்டுகிறது. அறுவடைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் கிடக்கிறது. நானும் தினம் காலண்டரைக் கிழித்து நாளை எண்ணுகிறேன், மறைப்பானேன். அதற்காகக் கண்ட நாயை என் வயலில் விட முடியுமா? ஊரில் நான் தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா? ஆகையால் கட்டையன் பேச்சை இத்தோடு விட்டுவிடு.

உன் மனைவி ஜெயசித்ராவும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ என் ஆசிகள். கட்டையனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
ப. அமிர்தலிங்கம்,
கிராம நிர்வாக அலுவலர் (ஓய்வு)

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உன் அக்காள் வயலிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். மேலும் கால் ஏக்கர் போய்விட்டது. வீரமணி திரும்பும்போது வண்டி காலியாகத்தான் வருமாம். கட்டையனை முன் சீட்டில் உட்கார வைத்து அனுப்பு. ஐந்து மணிக்குள் வந்து சேர்ந்தால் புண்ணியமாகப் போகும். வழியில் யாராவது கேட்டால், ரொமானோவின் கூடப் பிறந்த அண்ணன் என்று சொல்லும்படி வீரமணியிடம் சொல்லியிருக்கிறேன்.