கடற்கரையிலிருந்து எழுதிய பரீட்சை

கல்லடி,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்புள்ள தங்கச்சி குவெண்டலினுக்கு,

மெல்பேணில் நீயும் உன் வீட்டாரும் ஆண்டவர் துணையால் சுகமாயிருக்க வேண்டுமென்று அண்ணன் ஹியூபர்ட் மன்றாடுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் சுகமா இல்லையா என்பதே எனக்கு விளங்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் மருமகன் நோபேட், அதுதான் றொஷெலின் புருஷன், அரசாங்கக் கந்தோரில் வேலை செய்வது உனக்குத் தெரியும். சிங்களப் பரீட்சை பாஸ் பண்ணினால்தான் வேலை நிரந்தரமாகும். இரண்டு தரம் எழுதிக் கோட்டை விட்டான். மூன்றாம் தரம் காலையிலேயே என் முன்னால் முழந்தாளிட்டு ஆசீர்வாதம் வாங்கினான். நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினேன். வயிற்றில் பிள்ளையோடு நின்று றொஷெல் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்தாள். பிறகு நான் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனால், வள்ளத்தின் நிழலில் இருந்து அந்தப் பார்சலை அவன் தின்றுகொண்டிருக்கிறான்.

"என்ன மனே, பரீட்சை?"

"நடந்துகொண்டிரிக்கு மாமா."

"நீ இஞ்ச இரிக்காய். அப்ப ஆர் எழுதுற?"

"நான்தான் எழுதுறன் மாமா."

எனக்குத் தலை சுற்றியது. கொரோனாவுக்குப் பிறகு எல்லாம் போனில் நடக்கிறதே, பரீட்சையும் அப்படித்தானாக்கும் என்று அவன் போனைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து அது அடித்தது.

"ஓம், நோபேட்தான் பேசுறன்" என்றான்.

மறுபக்கம் பரீட்சை மண்டபத்துக்குப் பொறுப்பான கனகசிங்கம் மாஸ்டர், விண்ணப்பத்தில் இருந்த நம்பருக்கு எடுத்திருக்கிறார். அவர் சத்தம் எனக்கே கேட்டது. "நல்லது தம்பி. இஞ்ச என்ர முன்னுக்கும் ஒரு நோபேட் இரிக்கார். ரெண்டு பேரில ஆரை நான் பொலிசுக்குக் குடுக்கிற?"

நடந்தது இதுதான். நோபேட்டின் சின்னம்மா மகன் அன்ரோவுக்குப் பாசிக்குடா ஹோட்டலில் வேலை. இரண்டு பேருக்கும் ஒரே முகச்சாடை. அன்ரோ சிங்களத்தை மழை மாதிரிப் பொழிவான். அதனால் நோபேட்டின் அடையாள அட்டையோடு அவன் போயிருக்கிறான். பொழியத்தான் தெரியும், ஓர் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது என்பதை இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை! கேள்வித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இதில என்ன கேட்டிரிக்கி?" என்று நல்ல சிங்களத்தில் மேற்பார்வைக்கு நின்றவரிடமே கேட்டிருக்கிறான். அவனைப் பிணையில் எடுக்க நாங்கள் பட்ட பாடு வேறு கதை.

சில கிழமையில் தலைமைக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. முழுக்கச் சிங்களம். மன்னித்துவிட்டார்கள் என்று நோபேட் சிரித்தபடியே ஒப்பம் வைத்து வாங்கினான். பக்கத்து வீட்டு பர்ஸானா ரீச்சர் வாசித்துவிட்டு, "அங்கிள், இப்ப வேலையால நிப்பாட்டியிரிக்காங்க. மறுகா விசாரணையாம்" என்றா.

றொஷெல் அழவில்லை. "விசாரணையில உண்மையைச் சொல்லிப்போட்டு வாங்க. பொய் சொன்னா இந்தப் படி ஏற வேணாம். பிள்ளைக்கு நான் என்னத்தைச் சொல்லி வளக்கிற?" என்றாள். அவனும் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். வரும்போது முகம் செத்திருந்தது, ஆனால் அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

தீர்ப்பு வந்தது. வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் ஐந்து வருசத்துக்கு எந்தப் பரீட்சையும் எழுதக்கூடாது. சரி. ஆனால் இரண்டு வருசத்துக்குள் சிங்களப் பரீட்சை பாஸ் பண்ணாவிட்டால் வேலை போகும். இரண்டு கட்டளையிலும் ஒரே ஆளின் கையெழுத்து. எழுதாமல் எப்படிப் பாஸ் பண்ணுவது தங்கச்சி? அப்படி ஒரு வழி பார்த்ததற்குத்தானே தண்டனையே!

அவனுக்காக ஜெபி. றொஷெலின் பேறுகாலத்துக்கும் ஜெபி. எல்லாருக்கும் என் முத்தங்களும் ஆசீர்வாதமும்.

இப்படிக்கு
உன் அண்ணன்
ஹியூபர்ட்

பி.கு.: உறையை ஒட்டும்போது நோபேட் ஓடி வந்தான். கேள்வித்தாள் பரீட்சைக்கு முன்னமே களவாக வெளியில் போயிருந்ததாம். அந்தப் பரீட்சையையே இல்லையென்று ரத்துச் செய்துவிட்டார்களாம். "இல்லாத பரீட்சையில நான் எப்பிடி மாமா கள்ளம் செய்யிற?" என்று கேட்கிறான். "செஞ்சது செஞ்சதுதான்" என்கிறாள் றொஷெல். புதிதாக இன்னொரு விசாரணை வைக்க வேண்டும் என்கிறார் கனகசிங்கம் மாஸ்டர். எதற்காக ஜெபிப்பது என்று தெரிந்ததும் அறிவிக்கிறேன். அதுவரை பொதுவாக ஜெபி.