பாலித் தீவில் நான் துவைத்த டாலர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டாலர் நோட்டுக்கு மஞ்சள் வைத்தது நான்தான். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை. புதுச் செக் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, ஸ்கூட்டர் என்று எது வீட்டுக்குள் வந்தாலும் மஞ்சள் தொட்டு வைத்துத்தான் எடுப்போம். வெளிநாட்டுக்குப் போகிற பணம் மட்டும் என்ன பாவம் செய்தது?

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்குப் பாலித் தீவு போவதென்று முடிவானதும், பணப் பொறுப்பு முழுவதையும் நானே எடுத்துக்கொண்டேன். மதுரை காளவாசலில் மொடமொடவென்று புது டாலராக வாங்கி, சாமி படத்தின் முன்னால் வைத்து, ஒவ்வொரு நோட்டின் நான்கு மூலையிலும் மஞ்சளும் குங்குமமும் வைத்தேன். கார்டை வெளிநாட்டிலும் வேலை செய்கிற மாதிரி மாற்றிக்கொள்ளட்டுமா என்று கணவர் கேட்டார்.

"கார்டத் தேய்ச்சா எம்புட்டு போச்சுன்னே தெரியாது. கையில பணம் இருக்கைல அது எதுக்கு?"

ரோமிங்கில் பில் ஏறிவிடும் என்று அவருடைய சிம்மையும் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினேன். (அதை நான் புத்திசாலித்தனம் என்றே நினைத்தேன்.)

எழுமலையிலிருந்து நாத்தனார் செல்வி போன் செய்தாள். "மதினி, எதுக்கும் அண்ணன்கிட்டயும் கொஞ்சம் குடுத்து வைங்க."

"நீ ஒன் சோலியப் பாரு செல்வி. எனக்குத் தெரியும்," என்று போனை வைத்தேன்.

பாலியில் நாங்கள் பிடித்திருந்த விடுதியில் முழு வாடகையையும் கட்டினால்தான் சாவி தருவார்கள். அதுவும் அந்த ஊர்ப் பணமாக. பெட்டிகளை அங்கேயே போட்டுவிட்டு, பணம் மாற்றும் கடைக்கு ஓடினோம். கடைக்காரர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், சுரண்டினார், முகர்ந்தார். கறை படிந்த நோட்டை வாங்க மாட்டார்களாம். அடுத்த கடையிலும் அதே பதில். மூன்றாவது கடையில் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"கறையா? மஞ்சள்யா! மங்களம்யா!" என்று தமிழிலேயே சத்தம் போட்டேன். பின்னால் நின்ற வெள்ளைக்காரப் பெண் இரண்டடி தள்ளிப் போனாள்.

விடுதிக்குத் திரும்பியதும் கணவர் மெதுவாக ஆரம்பித்தார். "செல்வி மகன் சிங்கப்பூர்லதான இருக்கான். கேப்பமா?"

"பட்டினி கிடந்தாலும் கிடப்பேன், அவகிட்ட கேக்க மாட்டேன். கறைதான போகணும்? கழுவிருவோம்."

கைப்பையில் துணி சோப்பு இருந்தது. (துணி சோப்பு இல்லாமல் எவள் வெளியூர் போவாள்?) வரவேற்பறைப் பக்கத்துக் கழிவறையில் நின்று அத்தனை டாலருக்கும் சோப்புப் போட்டேன். தேய்க்கத் தேய்க்க நோட்டு சிவந்தது. குங்குமமும் கரைந்து சேர்ந்துகொள்ள, கைகள் இரண்டும் சிவந்துவிட்டன.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பசுமலையில் அறிவியல் டீச்சர். மஞ்சள் காரத்தில் பட்டால் சிவக்கும், சோப்பு ஒரு காரம் என்று வருடா வருடம் வகுப்பில் செய்தே காட்டுகிறவள்.

வெளியே வந்த என்னைப் பார்த்து, "என்னடி, கைய வெட்டிக்கிட்டயா?" என்று பதறினார் கணவர்.

விடவில்லை நான். அந்த ஈர நோட்டுகளோடு நான்காவது கடைக்கும் போனேன். கடைக்காரர் பணத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், மெல்ல டெலிபோனை எடுத்தார். கணவர் என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். கார்டையாவது மாற்றலாம் என்றால், அதற்கான ஓடிபி மதுரையில் பூட்டிய பீரோவுக்குள் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் பெட்டிமேல் உட்கார்ந்து, விடுதி வைஃபையில் செல்வியைக் கூப்பிட்டேன். வாழ்க்கையில் அப்படி ஒரு அவமானம் எனக்கு நேர்ந்ததில்லை. எல்லாவற்றையும் கடைசிவரை கேட்டுக்கொண்டாள்.

"துவைச்சீகளா மதினி? காயப்போட்டீகளா?"

பிறகு அவள் சிரித்த சிரிப்பில் வரவேற்பறைப் பெண்ணே தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஆனால் அரை மணி நேரத்தில் செல்வியின் மகன் சிங்கப்பூரிலிருந்து பணத்தைக் கட்டிவிட்டான். சாவியும் கைக்கு வந்தது.

இப்போது எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷமென்றாலும், ஆரத்தி கரைக்கச் சுண்ணாம்பு எங்கே என்று யாராவது கேட்டால் போதும். மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி செல்வி கத்துவாள்: "சுண்ணாம்பு எதுக்கு? எங்க மதினிய ரெண்டு டாலரக் கழுவிவிடச் சொல்லுங்க!"

எல்லோரும் சிரிப்பார்கள், எல்லோரையும்விடச் சத்தமாக என் கணவர். நான் தலை குனிவதில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தட்டை வாங்கி நானே கரைக்கிறேன். என் அளவுக்குச் சிவப்பு எங்கள் சொந்தத்தில் வேறு யாருக்கும் வருவதில்லை.