நிலாவில் குட்டி போட்ட நாய்

பொறுப்பில்லாதவர்களால் உலகம் கெடுவதில்லை. "நான் பாத்துக்கறேன் சார்" என்று சொல்கிறவர்களால்தான் கெடுகிறது. நான் அப்படிச் சொன்னவள்.

அப்போது புதுச்சேரியில், நிலாவில் இறங்கும் கலம் செய்யும் ஒரு சின்ன தனியார் கம்பெனியில் ஜூனியர் இன்ஜினியர். அரசாங்க ஒப்பந்தத்துக்குக் கடைசிச் சுற்றில் இரண்டே கம்பெனிகள்: நாங்களும் பெங்களூர்க்காரர்களும். (அவர்களுக்கு ஏசி ஹால், எங்களுக்குத் தகர ஷெட்.) நிலாத் தரைபோல ஷெட்டுக்குள் கல்மாவைக் கொட்டி நிரவியிருந்தோம். அதிகாரிகள் முன்னால் கலத்தின் மாதிரியை மேலிருந்து இறக்கவேண்டும். நாலு காலில் அது நின்றால் போதும்.

முந்தின நாள் சாயங்காலம் பூட்டும் வேலை எனக்கு. ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. வில்லியனூர் பஸ் போய்விடுமே என்று அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

காலையில் மேனேஜர் செல்வராஜ் சாரின் அலறல் கேட்டது.

"இன்னாம்மா இது?"

நிலாவின் நட்டநடுவில் ஒரு தெருநாய். பக்கத்தில் ஐந்து குட்டிகள்.

"ஷட்டர யாரு மூடல?"

"தெர்ல சார்." (தெரியும்.)

பிஸ்கட் போட்டோம், உறுமியது. வாட்ச்மேன் பெரிய மார்க்கெட்டுக்கு ஓடி மத்தி மீன் வாங்கிவந்தார். தின்றுவிட்டு இன்னும் வசதியாகப் படுத்துக்கொண்டது. வாசலில் அதிகாரிகளின் கார் வந்து நின்றது. கடைசியில் வாட்ச்மேன் குட்டிகளை ஹெல்மெட்டில் அள்ளிக்கொண்டு பின்பக்கமாக ஓட, தாய் அவரைத் துரத்திக்கொண்டு போனது.

அது படுத்திருந்த இடத்தில் பெரிய பள்ளம். நான் பலகையால் மாவைத் தள்ளி மூடினேன்.

"நல்லா அமுக்கி கெட்டியாக்குனியா?" என்றார் சார்.

"நான் பாத்துக்கறேன் சார்."

கலம் அழகாக இறங்கியது. மூன்று கால்கள் நின்றன. நாலாவது, நான் மூடிய பள்ளத்தில் முழங்கால்வரை புதைந்தது. கலம் மெதுவாக, மரியாதையாக, அதிகாரிகளின் காலடியில் சாய்ந்தது. மூத்த அதிகாரி குனிந்து மாவிலிருந்து எதையோ எடுத்துப் பார்த்தார். மத்தி முள்.

"நிலாவுல மீனெல்லாம் கிடைக்குதா?" என்றார்.

செல்வராஜ் சார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஒப்பந்தம் பெங்களூருக்குப் போயிற்று. அவர்களுடைய கலத்துக்கு நாங்கள் இப்போது போல்ட் செய்து கொடுக்கிறோம். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். வீட்டில்தான் தாங்க முடியவில்லை. டிவியில் நிலாவைக் காட்டினால் போதும், அப்பா தட்டோடு எழுந்துபோய் உற்றுப் பார்ப்பார். "நாய் எதுனா தெரியுதா பாரும்மா." என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் முழுக் கதையையும் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சம்மதித்தார். ஆனால் இன்றுவரை, நான் பூட்டிய வாசல் கதவை ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் அவர் படி இறங்கியதில்லை.