எதை மாதிரியும் இல்லாத வண்டி

மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இனி என் வண்டியைப் பற்றி எவரிடமும் தாழ்ந்து பேசுவதில்லை என்று தீர்மானம் எடுத்தேன். பதினொன்றரை மணி வரை அந்தத் தீர்மானம் உயிரோடு இருந்தது.

வண்டி என் கையால் கட்டியது. அறுபத்தைந்தாம் வருடத்துக் கூரையில்லாத பந்தயக் கார் ஒன்றின் நகல். அசலை வாங்க ஃபிரெஸ்னோ நகரில் எங்கள் தெருவையே விற்க வேண்டியிருக்கும். நான் ஃபைபர் உடலை வரவழைத்து, பழைய வேன் எஞ்சினை உள்ளே வைத்தேன். ஒன்பது வருட வேலை. அந்த ஒன்பது வருடமும் என் மனைவி ஆர்லீன் கராஜைக் கேட்டுக்கொண்டிருந்தாள், டேபிள் டென்னிஸ் மேசை போட. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். புகைப் பரிசோதனையில் வண்டி தேறாவிட்டால் அன்றே விற்றுவிடுவேன், கராஜ் அவளுக்கு. உடனே சரி என்றாள். நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் முப்பத்தெட்டு வருடமாகப் புகைச்சல் உண்டு. சான்றிதழ் கேட்டது வண்டிக்கு மட்டும்தான்.

கலிபோர்னியாவில் வீட்டில் கட்டிய வண்டி எந்த வருடத்து வண்டியைப் போலிருக்கிறதோ, அந்த வருடத்துச் சட்டப்படி புகை விட்டால் போதும். சலுகை வருடத்துக்கு ஐநூறு பேருக்குத்தான். ஜனவரி பிறந்ததும் மடக்கு நாற்காலியோடு வரிசையில் உட்கார்ந்து வாங்கி வந்தேன்.

ஆர்லீனை வீட்டில் இருக்கச் சொன்னேன். அவள் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறினாள். மடியில் ஏதோ காகிதங்கள். குறுக்கெழுத்துப் போட்டி என்று நினைத்தேன்.

பரிசோதகர் கரபேத்தியன் சாந்தமான மனிதர். எஞ்சின் மூடியைத் திறந்து, கெட்ட செய்தி வைத்திருக்கும் டாக்டர் போல நெடுநேரம் குனிந்திருந்தார்.

"அறுபத்தஞ்சுன்னு எழுதியிருக்கீங்க சார். அந்த வருஷத்து வண்டின்னா எஞ்சின் விடுற ஆவியைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்ப இங்க ஒரு வால்வு இருக்கணும். வெறும் மூடிதான இருக்கு?"

வால்வைக் கழற்றியவன் நான்தான். பார்க்க அசிங்கமாக இருந்தது. அதற்குப் பதிலாக, முகம் பார்த்துச் சவரம் செய்யும்படி பளபளப்பான மூடி ஒன்றைப் போட்டிருந்தேன். நாளைக்கே வால்வை மாட்டுகிறேன் என்று கெஞ்சினேன். இன்று தோல்வி என்றுதான் எழுத முடியும் என்று வருந்தினார். பேனா காகிதத்தைத் தொட்டது.

"ஒரு நிமிஷம்," என்றாள் ஆர்லீன். "இது அறுபத்தஞ்சு வண்டின்னு யார் சொன்னது?"

"உங்க வீட்டுக்காரர்தாம்மா."

"அவர் சொல்லுவார். உங்க கண்ணுக்கு என்ன தோணுது?"

வண்டியைச் சுற்றி அவரை நடத்திக் காட்டினாள். முன்விளக்கு டிராக்டருடையது என்றாள். கதவுப் பிடி எங்கள் பழைய ஃபிரிட்ஜுடையது. மூக்கில் இரண்டு அங்குலம் நான் கூட்டியது. ஒவ்வொன்றுக்கும் நான் மறுப்புச் சொன்னேன். ஒவ்வொரு மறுப்புக்கும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் சந்தேகப்பட்டது.

"முன்னால பாத்தா தவளை, பின்னால பாத்தா குளிக்கிற தொட்டி," என்று முடித்தாள்.

"ஆர்லீன், நீ யார் பக்கம்?"

"வண்டி பக்கம். வாயை மூடிட்டு இதைப் படி, வெண்டல்."

மடியிலிருந்தது குறுக்கெழுத்து அல்ல, சட்டம். வண்டி எந்த வண்டியைப் போலவும் இல்லையென்றால் அதை 1960ஆம் வருடத்தது என்று கொள்ள வேண்டுமாம். அறுபதாம் வருடத்து வண்டியில் அந்த வால்வைத் தேட மாட்டார்களாம்.

கரபேத்தியன் என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க சார். இது எந்த வண்டியையாவது மாதிரி இருக்கா?"

என் பத்தொன்பதாவது வயதில், பாதாம் தோப்புகள் பூத்திருந்த ஒரு நெடுஞ்சாலையில், அந்த அசல் வண்டி என்னைக் கடந்து போனது. திரும்பிப் பார்த்தேன். அன்று திரும்பிய கழுத்து இன்னும் நேராகவில்லை.

"இல்ல," என்றேன்.

"சத்தமாச் சொல்லு," என்றாள் ஆர்லீன். "அவர் எழுதணும்."

"எதை மாதிரியும் இல்ல சார்."

தேறிவிட்டது. வீடு திரும்பும் வழியெல்லாம் எதிர்க்காற்று முகத்தில் அடித்தது. மானம் போனால் என்ன, வண்டி என்னுடையது. தெருவுக்குள் திரும்பினேன். எங்கள் கராஜ் கதவு திறந்து கிடந்தது. உள்ளே இரண்டு பேர் ஒரு பச்சை மேசைக்குக் கால் முடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் தங்கை வெர்னா மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டிதான் தேறிடுச்சே, ஆர்லீன்."

"தேறினதாலதான். இனிமே அது தெருவுல நிக்கலாம், யாரும் கேக்க முடியாது. தேறலைன்னா வித்திருப்ப. எப்படியும் கராஜ் காலி. மேசைக்கு மூணு வாரம் முன்னாடியே சொல்லிட்டேன்."

"அப்போ எதுக்கு என் வண்டியைக் காப்பாத்தின?"

ஸ்கார்ஃபை அவிழ்த்துக்கொண்டே இறங்கினாள்.

"நாங்க விளையாடுறப்போ உனக்கு உக்கார ஒரு இடம் வேணாமா?"