பேஸ் கிட்டாருக்குத் தடித்த கம்பி

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நான் செய்துவைத்திருக்கும் காரியத்துக்கு அது பொருந்தாது என்பதால் அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் தங்கை பல் மருத்துவமனையில் கணக்குப் பார்ப்பதோடு, அங்கே வேலை செய்யும் பெண்களின் பாட்டுக் குழுவில் பேஸ் கிட்டாரும் வாசிக்கிறாள் அல்லவா. எக்ஸ்ரே எடுக்கும் அம்மாள் பாடுகிறார், டாக்டரம்மாவே டிரம்ஸ் அடிக்கிறார், வரவேற்பு மேஜைப் பெண்ணும் பல் செட் செய்யும் பெண்ணும் எலெக்ட்ரிக் கிட்டார். வரும் சனிக்கிழமை மருத்துவமனை ஆண்டு விழாவில் அவர்களுக்கு முதல் மேடை. போன திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது உங்கள் தங்கை, "கம்பியெல்லாம் செத்துப்போச்சு, சத்தம் மந்தமா வருது. நாப்பத்தஞ்சுல ஆரம்பிக்கிற செட்டு, சொரசொரப்பானது, வாங்கி வச்சிடுங்க. நீங்க ஒண்ணும் யோசிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். யோசிக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால்தான் எனக்கு யோசனையே ஆரம்பிக்கும் என்பது இத்தனை வருடத்தில் அவளுக்குத் தெரியாமல் போயிற்றே மச்சான்.

கடையில் சுவர் முழுக்கக் கம்பி உறைகள் தொங்கின. நான் முதலில் எடுத்தது சாதாரண கிட்டாரின் ஆறு கம்பி செட். கல்லாவில் இருந்த பெண் அதை வாங்கித் திரும்ப மாட்டிவிட்டு, பேஸுக்கு நாலு கம்பிதான், அதுவும் இதைவிட நீளம் என்றார். பிறகு வழுவழுப்பா சொரசொரப்பா, நிக்கலா ஸ்டீலா, கழுத்து நெட்டையா குட்டையா என்று கேட்டுக்கொண்டே போனார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட நான் இவ்வளவு திணறியதில்லை. நாற்பத்தைந்து என்பது மெல்லிய கம்பியின் பருமன், அங்குலத்தை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் நாற்பத்தைந்து பங்கு என்று விளக்கினார். இழுவை எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். நாலு கம்பியும் சேர்ந்தால் ஒரு பெரிய ஆளின் எடை வரும் என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. நான் லிஃப்ட் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன். தொங்கும் எடையைப் போலப் பத்துப் பன்னிரண்டு மடங்கு தாங்காத வடத்துக்கு ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. இங்கே ஓர் ஆள் எடையைத் தூக்கிப் பிடிக்கும் நூலிழைகளை என் மனைவி நெஞ்சோடு அணைத்து, முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு வாசிக்கப் போகிறாள். அறுந்தால்? கடையிலேயே தடித்தது எதுவோ அதைக் கொடுங்கள் என்றேன். ஐம்பத்தைந்தில் ஆரம்பிக்கும் செட் வந்தது. "வீட்ல கேட்டுட்டீங்களா சார்?" என்றார் அந்தப் பெண். கேட்டாயிற்று என்று தலையாட்டினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் களைத்து வருவாளே என்று நானே மாட்ட உட்கார்ந்தேன். கழுத்தின் உச்சியில் கம்பி உட்காரும் பள்ளங்கள் சின்னதாயிருந்தன, புதுக் கம்பி இறங்கவில்லை. நகம் ராவும் அரத்தை எடுத்து நாலையும் அகலப்படுத்தினேன். கழற்றிய பழைய கம்பிகளைத் துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் போட்டேன். கழித்துப்போட்ட வடத்தை யாரும் மறுபடி மாட்டிவிடக் கூடாது என்பது எங்கள் துறையில் சட்டம். பிறகு சுருதி ஏற்ற ஏற்ற, கிட்டாரின் கழுத்து மெல்ல வில்லாக வளைந்தது. கம்பிக்கும் கழுத்துக்கும் நடுவே என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது.

உங்கள் தங்கை வந்து, கைகழுவிக்கொண்டு, அதை மடியில் வைத்து ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "இதுல எத்தன பேர் ஏறலாம்?" என்று மட்டும் கேட்டாள். பள்ளங்களைப் பார்த்ததும் அந்தக் கிண்டலும் நின்றுவிட்டது. இனி மெல்லிய கம்பி வாங்கி மாட்டினாலும் அந்தப் பள்ளத்தில் கடகடவென்று ஆடுமாம். பழுது பார்ப்பவர் அடுத்த வாரம்தான் முடியும் என்றுவிட்டார். தினமும் சாயங்காலம் அந்தத் தடிக் கம்பியிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு பழகுகிறாள். விரல் நுனியெல்லாம் சிவந்து கன்றிப்போயிற்று. நேற்று தட்டைக் கழுவும்போது தண்ணீர் பட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை நான் மேடை ஏறலன்னு சொல்லிடறேன். அவங்க வேற யாரையாவது வச்சுக்கட்டும்" என்றாள். குரலில் கோபமே இல்லை மச்சான். துணி மடிக்கும்போதுகூடத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தவள் இவள்.

என்னால் விலகினாள் என்ற பேர் அவளுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். ஆகவே தாங்கள் வெள்ளிக்கிழமை போன் செய்து, தங்களுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, எழுந்திருக்கவே முடியவில்லை, தங்கை உடனே வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கௌரவமாக ஒரு காரணம் கிடைத்துவிடும். வயிற்று வலி என்று சொல்ல வேண்டாம். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டே பிடித்துவிடுவாள்.

தங்கள் குடும்பத்தில் எந்த உறவும் அளவுக்கு மேல் இறுகாமலும் தளராமலும் இருக்க வேண்டுகிறேன்.

தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஒத்திகை முடிந்து வந்துவிட்டாள். எக்ஸ்ரே அம்மாளுக்குச் சளி பிடித்து மேலே குரல் ஏறவில்லையாம், எல்லாப் பாட்டையும் சுருதி இறக்கிவிட்டார்களாம். இறக்கியதும் மற்ற இரண்டு கிட்டாரிலும் கம்பி தொளதொளவென்று கொடிக்கயிறு மாதிரி ஆடியதாம். உங்கள் தங்கையின் கம்பி மட்டும் தளர்ந்தும் திடமாக நின்றதாம், விரலுக்கும் இதமாம், இழுவை குறைந்ததில் கழுத்தும் நிமிர்ந்துவிட்டதாம். இப்படி முழங்கும் கம்பியை யார் தேர்ந்தெடுத்தது என்று டாக்டரம்மா கேட்க, இவள் என்னைச் சொல்லியிருக்கிறாள். மற்ற இருவருக்கும் தடித்த கம்பியை நாளைக்கு நான்தான் போய் வாங்க வேண்டுமாம். ஆகவே முதுகு பிடிக்க வேண்டாம், சனிக்கிழமை குடும்பத்தோடு வந்து முன் வரிசையில் உட்காருங்கள். அதற்குள் அந்த அம்மாளுக்குச் சளி குணமாகிவிடுமோ என்பதுதான் இப்போது என் கவலையெல்லாம்.