ஆணி அடிக்காத குடித்தனக்காரர்

"சமையலறையில கட்டில் போட முடியாதுன்னு யாரு சொன்னது?" என்று அளவு டேப்பைத் தரையில் நீட்டினாள் தையல்காரி.

"போடலாம். அடுப்பைத் தலையில வெச்சுக்கலாமா?" என்றார் கணவர்.

எல்லாம் வீட்டுக் கடனால் வந்த வினை. தவணை கழுத்தை நெரிக்க, விற்றுத் தொலை என்று சொந்தபந்தமெல்லாம் ஓதியது. "என்னை வித்தாலும் விப்பேன், வீட்டை விக்க மாட்டேன்" என்று மாடி அறையை வாடகைக்கு விட்டாள்.

வந்தவர் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருத்தர். தங்கமான மனுஷன்! குழாய் சொட்டினால் தானே வாஷர் மாற்றுவார். "சுவத்துல ஒரு ஆணி அடிக்க மாட்டேம்மா. வீட்டுக்காரங்களுக்கு எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும்" என்பார்.

ஆனால் அந்த வாடகை யானைப் பசிக்குச் சோளப்பொரி. படுக்கையறையை ஒரு நர்ஸுக்கு விட்டாள். நர்ஸுக்கு ராத்திரி வேலை, பகலெல்லாம் தூக்கம். ஹாலில் தையல் மிஷின் ஓடினால் போதும், "அக்கா, என் மண்டைக்குள்ள தைக்கிறீங்க" என்று எட்டிப் பார்ப்பாள்.

மிஷினைச் சமையலறைக்குத் தள்ளினாள். தைத்த சட்டையெல்லாம் பொரித்த எண்ணெய் வாடை! வாடிக்கைக்காரர்கள் துணியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள். போன வருமானத்தை ஈடுகட்ட ஹாலையும் கல்லூரிப் பையன்களுக்கு விட்டாள். இப்போது புருஷன் பெண்டாட்டிக்குத்தான் படுக்க இடமில்லை.

"பேசாம பரண்ல ஏறிடுவோம்" என்றார் கணவர்.

"அதையும் ஒருத்தர் கேட்டிருக்காரு."

அவள் டேப்பைச் சுருட்டினாள்.

"சமையலறையையும் பையன்களுக்கே விட்டுடுவோம். வர்ற வாடகையில தவணை போக மிச்சத்துக்குச் சின்னதா ஒரு வாடகை வீடு பாத்துப் போயிடலாம்."

"சொந்த வீடு வாங்கினது வாடகை வீட்டுக்குப் போகவா?"

"நான் எங்க படுத்தா என்ன? வீடு என் பேர்ல இருக்கணும். அவ்வளவுதான்."

தரகர் அடுத்த தெருவிலேயே ஒரு வீடு காட்டினார். குழாய் ஒன்றுகூடச் சொட்டவில்லை. சுவரெல்லாம் வழவழவென்று இருந்தது. ஜன்னலோரம் மிஷினுக்கென்றே அளவெடுத்தது போல ஓர் இடம். அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. அங்கேயே முன்பணத்தை எடுத்து நீட்டினாள்.

"ஒரே கண்டிஷன்தாம்மா. சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது."

"நியாயந்தானே! வீட்டுக்காரரை ஒரு வார்த்தை பாத்துப் பேசிடலாம். எங்க இருக்காரு?"

தரகர் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"அவரு பாவம்மா, வீட்டுக் கடன் கட்ட வழியில்லாம இதை வாடகைக்கு விட்டுட்டு, உங்க வீட்டு மாடியிலதானே இருக்காரு!"