புல்லு வெட்டாத ஆராய்ச்சி

இனிமே மம்பட்டியைத் தொடுறதில்லைன்னு அலுவிகாரை ஜிப்ரி ஒரு முடிவு எடுத்தாரு. லேசுப்பட்ட முடிவில்ல. விடியக்காலையில சுபஹு தொழுதுட்டு வந்து, இஞ்சி போட்ட பிளேன்டீயைக் கையில வெச்சுக்கிட்டு எடுத்த முடிவு.

வீட்டுக்குப் பின்னால அவருக்கு மிளகுத் தோட்டம். சரிவு நிலம். ஒரு மழை பேஞ்சா போதும், புல்லு வந்து முழங்காலை நலம் விசாரிக்கும். புல்லுக்குள்ள அட்டை. மாத்தளையில எத்தனையோ கால் இருந்தாலும் அட்டைக்கு ஜிப்ரியோட கால்தான் சஹன் சாப்பாடு. ஒரே தட்டுல ஆறு பேர் வட்டமா உக்காந்து விருந்து சாப்பிடுற மாதிரி சாப்பிடும்.

அட்டையாவது காலைக் கடிக்கும். பொண்டாட்டி நுஸ்ரா காதை.

"இஞ்சேருங்க, இன்னும் புல்லு வெட்டல்லியா?"

"நாளைக்கு."

"நாவுல ஊர்ல எங்க உம்மாட காணியும் காடாக் கிடக்கு. ஒரு எட்டு போய் வெட்டிக் குடுங்களேன்."

"நாளன்னைக்கு."

நாவுலன்னு சொன்னாலே ஜிப்ரிக்கு இடுப்பு பிடிச்சுக்கும். பஸ்ஸுல ஏறுறதுக்கு முந்தியே பிடிச்சுக்கும்.

அப்பதான் சந்தி டீக்கடையில முத்தலிப் நானா சேதி சொன்னாரு. ஒரு நிறுவனம் விவசாயிமாருக்கு உதவிப் பணம் குடுக்குதாம். மண்ணைக் கெடுக்காம, மருந்தடிக்காம எப்படிப் பயிர் செய்யலாம்னு விவசாயியே சொந்தத் தோட்டத்துல ஆராய்ச்சி செய்யணும். கேள்வியும் அவரே கேக்கணும். கண்டுபிடிச்சதை மத்தவங்களுக்குப் படிச்சுக் குடுக்கணும்.

"என்ன கேள்வி வேணும்னாலும் கேக்கலாமா நானா?"

"கேளேன். கேள்விக்கும் வரி போட்டாச்சா என்ன?"

ஜிப்ரி கேட்டாரு: மிளகுக் கொடிக்கு அடியில புல்லை வெட்டாம விட்டா என்ன நடக்கும்?

நிறுவனம் ஓம்னுருச்சு! சோம்பலுக்கு உதவிப் பணம் வாங்கின மொத மனுஷன் துனியாவுலயே நம்ம ஜிப்ரிதான். நெஞ்சை நிமித்திக்கிட்டு வீட்டுக்கு வந்தாரு.

"நுஸ்ரா, இனி தோட்டத்துல ஒரு புல்லைத் தொடப்படாது. ஆராய்ச்சி நடக்குது."

"என்ன ஆராய்ச்சி?"

"புல்லு வெட்டாத ஆராய்ச்சி."

"அப்ப நீங்க என்ன செய்வீங்க?"

"பாத்துக்கிட்டிருப்பேன்."

"எங்க இருந்து?"

"ஈசிச் சேர்ல இருந்து."

நுஸ்ரா சண்டை பிடிக்கல்ல. "மாஷா அல்லாஹ்"ன்னு மட்டும் சொல்லிட்டு மீன் கழுவப் போயிட்டா. அப்பவே ஜிப்ரி பயந்திருக்கணும். பாவம், அவருக்கு நித்திரை வந்திருச்சு.

அடுத்த கிழமை நிறுவனத்துல இருந்து நிஷாந்தி மிஸ் தோட்டம் பாக்க வந்தாங்க. ஜிப்ரி சாரத்தைக் கழட்டிட்டு, கல்யாணத்துக்குப் போடுற நீளக் கழுசானைப் போட்டுக்கிட்டு நிண்டாரு.

"புல்லுங்கிறது மண்ணுக்குப் போர்வை மிஸ். தூங்குறவன் போர்வையை உருவலாமா? பாவமில்லையா?"

மிஸ் சிரிச்சாங்க. நுஸ்ரா இனிப்புக்கு வட்டிலப்பத்தைக் கொண்டு வந்து வெச்சா.

"மிஸ், நான் அடுப்படி ஆளு. ஒண்ணு கேக்கட்டா? புதுத் தூள் போட்டு ஒரு சட்டி கறி ஆக்கினா, பழைய தூள்லயும் ஒரு சட்டி ஆக்குவேன். ரெண்டையும் ருசி பாத்தாத்தானே வித்தியாசம் தெரியும்?"

"அதேதான்! அதைச் சொல்லத்தான் நானும் வந்தேன். பாதித் தோட்டத்தைக் கட்டாயம் வெட்டணும்."

ஜிப்ரி வட்டிலப்பக் கரண்டியைக் கீழ வெச்சாரு. சரி, பாதிதானே. மேல் பக்கம் புல்லு குறைவு.

"மேல் பாதியை வெட்டிர்றேன் மிஸ்."

"மேல வெயில், கீழ ஈரம்," நுஸ்ரா கோப்பையைத் துடைச்சுக்கிட்டே சொன்னா. "ரெண்டையும் எப்படி ஒப்பிடுறது? ஒரு வரிசை வெட்டி, ஒரு வரிசை விட்டு, உச்சியில இருந்து அடி வரைக்கும் போனா?"

மிஸ் கையே தட்டிட்டாங்க.

"மெஷினால ஒரு இழுவை..." ஜிப்ரி தொடங்கினாரு.

"பக்கத்து வரிசையையும் சேத்து இழுத்திரும். கையாலதான்."

"கூலிக்கு ஆள் பிடிச்சு..."

"ஆளுக்கொரு மாதிரி வெட்டுவாங்களே மிஸ். ஒரே கை வெட்டினாத்தானே ஆராய்ச்சி?"

"ஒரே கை!" மிஸ்ஸுக்கு அந்தப் பேச்சு அவ்வளவு பிடிச்சுப் போச்சு.

முன்ன ஜிப்ரி பெருநாளுக்குப் பெருநாள் வெட்டுவாரு. இப்ப புல்லு விரல் உசரம் வந்தாலே வெட்டணும். அதுவும் பக்கத்து வரிசைக்கு நோகாம, கல்யாணப் பொண்ணுக்குத் தலை வாருற மாதிரி. அட்டைகளுக்குத் தினமும் வலீமா விருந்து. மத்தவங்களுக்குப் படிச்சுக் குடுக்கிற நாளும் வந்துச்சு. நாவுலயில இருந்து விவசாயிமாரு ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினாங்க, முன் சீட்டுல மாமி, நுஸ்ராட உம்மா. ஜிப்ரி வெட்டிக் காட்டினாரு. நுஸ்ரா விளக்கம் சொன்னா, ஈசிச் சேர்ல உக்காந்துக்கிட்டு.

வேலிக்கு அந்தப் பக்கம் முத்தலிப் நானா. "புரொபெசர் மஹத்தயா, சலாம்! முதுகை நிமித்திராதீங்க, ஆராய்ச்சி சாஞ்சிரும்!"

கடும் வெயில் காலம் வந்தப்ப முடிவு தெரிஞ்சுச்சு. வெட்டின வரிசையில கொடி வாடிப் போச்சு. வெட்டாத வரிசையில மண்ணு குளுகுளுன்னு இருந்து, மிளகு சரம் சரமாத் தொங்குச்சு.

ஜிப்ரி துள்ளினாரு. "பாத்தியா! நான் சொன்னதுதானே சரி! புல்லை வெட்டவே தேவையில்ல!"

"மெய்தான். நீங்க கெட்டிக்காரர்தான்."

நுஸ்ரா அதை மனசாரத்தான் சொன்னா. அவ முகத்தைப் பாத்ததும் ஜிப்ரிக்குப் பாதி முதுகு வலி போயிருச்சு. மம்பட்டியைக் கழுவி, எண்ணெய் பூசி, ஏணி வெச்சுப் பரண்ல ஏத்தினாரு.

"அதை எடுத்துக்கிட்டே இறங்குங்க," கீழ இருந்து நுஸ்ரா.

"ஏன்?"

"அலுவிகாரையில சரி. நாவுல காஞ்ச ஊரு. அங்கயும் இது சரிவருமான்னு நானும் ஒரு கேள்வி அனுப்பினேன். மிஸ் ஓம்னுட்டாங்க. உம்மாட காணியில."

ஜிப்ரி ஏணியை இறுக்கிப் பிடிச்சாரு. "அப்ப ஆராய்ச்சி செய்யுறது நீயா?"

"நான்தான்."

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப அங்க எனக்கு வேலையில்ல."

"உங்களையும் சேத்துத்தான் அனுப்பியிருக்கேன்."

"என்னன்னு?"

"ஒரே கை."